ஊரின் சத்திரத்தையும் சாவடியையும் அரசு கைகழுவாமல் காப்பது எப்படி?

எங்கள் ஊர்ச் சத்திரத்தின் திண்ணைத் தூணில் ஒரு நாள் காலையில் சிவப்புச் சாயத்தால் ஓர் அம்புக்குறியும், அதன் கீழே மூன்று இலக்க எண் ஒன்றும் எழுதப்பட்டிருந்தன. சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தபோதுதான், அந்த இடத்தை வணிக வளாகம் கட்டுவதற்காக வேறொரு துறைக்கு மாற்றிக் கொடுக்கும் கோப்பு ஓராண்டுக்கும் மேலாக மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்ததும், அதில் ‘ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்ற வரி திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்ததும் தெரியவந்தன. அதற்குப் பிறகு நாங்கள் செய்தவற்றால் சத்திரத்தின் முன்கட்டு இன்றும் நிற்கிறது. பின்கட்டில் இருந்த மடைப்பள்ளியைக் காப்பாற்ற முடியவில்லை. கோப்பு தொடங்கிய மாதத்திலேயே விழித்திருந்தால் அதுவும் நின்றிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். இதே நிலையில் வேறு ஊர்க்காரர்கள் தவிக்கக் கூடாது என்பதற்காகவே, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

பெரிய கோயில்களையும் கோட்டைகளையும் பற்றி நான் பேசவில்லை. அவற்றுக்குத் துறை உண்டு, காவலர் உண்டு, பார்க்க வருபவர்கள் உண்டு. அரசுக்குச் சொந்தமாக இருந்தும் எந்தத் துறையும் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடாத சிறிய இடங்களே ஆபத்தில் இருக்கின்றன: வழிநடைச் சத்திரம், சாவடி, பழைய தாலுகா கச்சேரி, பயணியர் மாளிகை, மணிக்கூண்டு, கிளைச்சிறை, படிக்கிணறு. தஞ்சாவூர் மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் சாலையெங்கும் கட்டிவைத்த சத்திரங்கள் இவற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தையும் நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரத்தையும் நேரில் பார்த்தவர்களுக்கு அவற்றின் அருமை தெரியும். 1799 உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கும்பெனியிடம் போன பிறகு, 1801 ஜனவரியில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்டான பெஞ்சமின் தோரினுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சத்திரங்களில் வழிப்போக்கர்கள் அனைவருக்கும் சோறு போடப்படுவதையும், நோயுற்றவர்களுக்கு மருத்துவம் செய்யப்படுவதையும் விரிவாக எடுத்துச் சொல்லி, அவற்றைத் தம்மிடமிருந்து பிரித்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். சத்திரத்தைக் கைவிடாதே என்று மனுப் போடும் வழக்கத்துக்கு, நம் மண்ணில் இருநூறு ஆண்டு வயதுக்கு மேல் ஆகிறது.

முதலில், அரசு எந்த வழியில் கைகழுவப் பார்க்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு வழிக்கும் அலுவலகம் வேறு, அதிகாரி வேறு, தடுக்கும் விதமும் வேறு. வருவாய்த் துறை நிலத்தை வேறொரு துறைக்கோ நிறுவனத்துக்கோ மாற்றிக் கொடுக்கலாம். அப்படி மாற்றுவதற்கு முன்பே ‘முன்நுழைவு அனுமதி’ என்ற ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். இறுதி ஆணை வருவதற்குள்ளேயே உள்ளே இறங்கி வேலையைத் தொடங்க அது வழிசெய்துவிடும் என்பதால், நாம் மிகவும் அஞ்ச வேண்டிய தாள் அதுதான். உள்ளாட்சி மன்றம் தீர்மானம் போட்டு நீண்ட காலக் குத்தகைக்கு விடலாம். பொதுப்பணித் துறை ‘பயன்படுத்தத் தகுதியற்ற கட்டடம்’ என்று சான்று கொடுத்து, இடிப்பதற்கு ஏலம் விடலாம். ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால், அந்தப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம். பராமரிப்பையும் பார்வையாளர் வசதிகளையும் மட்டும் தனியாரிடம் ஒப்படைப்பதும் உண்டு. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய பாரம்பரியத்தைத் தத்தெடுக்கும் திட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. அதில் உரிமை கைமாறுவதில்லை என்பதால், அதை விற்பனையோடு சேர்த்துக் கண்டிப்பது நம் வாதத்தைத்தான் பலவீனப்படுத்தும். இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: எல்லாக் கைமாற்றமும் கெட்டதன்று. கவனிப்பாரற்ற ஒரு கட்டடத்தை வருவாய்த் துறை தொல்லியல் துறைக்கோ பொது நூலகத் துறைக்கோ கொடுக்க முன்வந்தால், அதை நாம் வரவேற்க வேண்டும்.

பதிவேட்டில் ஒரு சொல்

அடுத்து செய்ய வேண்டிய வேலையைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். பெரும்பாலோர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். அந்த இடத்தின் நில அளவை எண், உட்பிரிவு எண், பரப்பு, வகைப்பாடு ஆகியவற்றைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். கிராமமாக இருந்தால் அ-பதிவேட்டின் (நிலங்களின் எண்ணும் வகையும் எழுதப்பட்ட கிராமக் கணக்கின்) படியும், நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படமும், நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் படியும் வேண்டும். அ-பதிவேட்டு விவரத்தை இப்போது இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றாலும், சான்றிட்ட நகலே கோப்புகளிலும் நீதிமன்றத்திலும் செல்லும்.

அதோடு நின்றுவிடக் கூடாது. 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தேடிப் பிடித்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் விஷயத்தில், ஓரம் செல்லரித்திருந்த பழைய பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில், சாய்ந்த கையெழுத்தில், ‘சர்க்கார் புறம்போக்கு – சத்திரம்’ என்று இருந்தது. புதிய பதிவேட்டில் அதே எண்ணுக்கு எதிரே ‘புறம்போக்கு – கட்டடம்’ என்று மட்டும் இருந்தது. ‘சத்திரம்’ என்ற ஒரு சொல் விழுந்துபோனதால், அதற்குப் பிறகு எழுதப்பட்ட ஒவ்வொரு கடிதத்திலும் அந்த இடம் ‘பழுதடைந்த பழைய கட்டடம்’ ஆகிவிட்டது. பழைய கட்டடத்தை இடிக்க எந்த அதிகாரிக்கும் தயக்கம் வராது. ‘சத்திரம்’ என்று எழுதியிருந்தால், அது யாருடைய தருமம், எதற்காக விடப்பட்டது என்ற கேள்வி தானாக எழுந்திருக்கும். இந்தத் திருத்தத்தைக் கேட்டு வட்டாட்சியருக்கு மனுக் கொடுத்ததுதான் எங்கள் முதல் வெற்றிக்குக் காரணம். ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் எல்லாம் தணிக்கைக்காக மேசைமேல் வந்துவிடும் என்பதால், இப்படிப்பட்ட திருத்த மனுவைக் கொடுக்க அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

இது சிற்றூர்ப் பதிவேடுகளுக்கு மட்டும் உரிய குறையன்று. 2013-இல் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, நேரில் சென்று பார்த்த 1,655 மத்தியப் பாதுகாப்புச் சின்னங்களில் 92 சின்னங்கள் இருந்த இடத்தில் இல்லை என்று கூறியது. பிறகு தேடியதில் அவற்றுள் 42 கிடைத்தன. 14 நகர விரிவாக்கத்திலும் 12 அணை நீரிலும் மறைந்திருந்தன. எஞ்சிய 24 எங்கே இருந்தன என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வகையைச் சேர்ந்த 18 சின்னங்களைத்தான், பழமையான சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் பட்டியலிலிருந்து நீக்குவதாக 2024 மார்ச்சில் இந்தியத் தொல்லியல் துறை அறிவித்தது. ஜான்சியில் பர்க்கில் என்ற பீரங்கி வீரனின் கல்லறை, டெல்லி பாராகம்பா கல்லறைத் தோட்டம், அரியானாவின் முஜேசரில் இருந்த முகலாயர் காலத்து மைல்தூண் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. பெயர் அரசிதழில் இருந்தாலும், எல்லையும் எண்ணும் இடத்தில் உறுதிப்படுத்தப்படாவிட்டால், சின்னம் இருந்ததற்கான தடமே அழிந்துவிடும் என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டியதில்லை.

பதிவேட்டோடு, அந்த இடம் எப்படி அரசின் கைக்கு வந்தது என்பதையும் துருவ வேண்டும். ஒருவர் கொடையாக எழுதிவைத்தது என்றால், கொடைப் பத்திரத்தில் நிபந்தனை இருக்கும். ‘வழிப்போக்கர் தங்குவதற்காக’, ‘துவாதசிக் கட்டளை நடத்துவதற்காக’ என்று எழுதியிருந்தால், அரசு அங்கே முழு உரிமையாளர் என்பதைவிட அறங்காவலர் என்று வாதிடுவதற்கு இடம் கிடைக்கும். அந்தச் சொத்து இந்து சமய அறநிலையங்கள் சட்டத்தின் கீழ் வருமானால், 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, விற்பனைக்கும் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் ஆணையரின் முன் அனுமதி தேவை. ஆட்சேபணை கேட்டு அறிவிப்பும் கொடுக்க வேண்டும். பத்திரங்களைத் தேடச் சார்பதிவாளர் அலுவலகம், மாவட்டப் பதிவறை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவற்றை நாட வேண்டும். தஞ்சைச் சத்திரங்களுக்கு சரசுவதி மகால் நூலகத்தில், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் உள்ள ஆவணங்களும் உண்டு. கல்வெட்டு இருக்குமானால், 1887 முதல் வெளிவரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1882-இல் இராபர்ட் சீவல் வெளியிட்ட சென்னை மாகாணத் தொல்பொருள் பட்டியலில் தாலுகா வாரியாக ஊர்ப் பெயர்கள் இருப்பதால், அதில் ஒரு வரி கிடைத்தாலும் அந்த இடத்தின் பழமைக்கு அரசாலேயே மறுக்க முடியாத சான்று அது.

கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறியத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுக் கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் அல்லது நிறைவளிக்காவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு என்று போகலாம். ‘சத்திரத்தை ஏன் இடிக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் வராது. காரணம் கேட்கும் கேள்வி அந்தச் சட்டத்தில் நிற்பதில்லை. குறிப்பிட்ட அளவை எண் தொடர்பான நடப்புக் கோப்பின் எண், குறிப்புப் பக்கங்களின் நகல், முன்நுழைவு அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால் அதன் நகல், கட்டட உறுதி குறித்துப் பொதுப்பணித் துறை கொடுத்த அறிக்கையின் நகல் என்று தாளைக் கேட்க வேண்டும். கோப்பை நேரில் பார்வையிடவும் அதே மனுவில் அனுமதி கேட்கலாம். நேரில் பார்த்தால்தான், யார் எந்தத் தேதியில் எந்தக் குறிப்பு எழுதினார், எந்த அதிகாரி தயங்கினார் என்பது புரியும். தயங்கிய அந்த அதிகாரியே பெரும்பாலும் நமக்குத் துணையாக வருவார்.

கட்டடத்தை அளந்து வைத்தல்

எழுத்துச் சான்று சேரும்போதே, கட்டடத்தையும் முறையாகப் பதிவு செய்துவிட வேண்டும். இடிபாடு தொடங்கிய பிறகு எடுக்கும் படத்துக்குப் பயன் குறைவு. நான்கு முகப்புகள், ஒவ்வொரு அறை, கூரையின் அடிப்பக்கம், தூண்களின் போதிகை, கதவு நிலை, கல்வெட்டு ஆகியவற்றைத் தேதியோடும் அளவுகோலோடும் படமெடுக்க வேண்டும். அருகில் கட்டடக்கலைக் கல்லூரி இருந்தால், மாணவர்களைக் கொண்டு அளவிட்ட வரைபடம் தயாரிக்கச் சொல்லலாம். அவர்களுக்கு அது பாடமாகவும் இருக்கும். எங்கள் சத்திரத்தில் உதிர்ந்த காரைக்கு அடியில் செங்கலும் சுண்ணாம்பும் கலந்த சுவரும், மேலே தேக்கு உத்திரங்களின் மீது செங்கல்லைக் குத்தாக அடுக்கிய மெட்ராஸ் ஒட்டுத் தளமும் இருந்தன. அந்த வரைபடத்தைக் கோப்பில் வைத்த பிறகு, ‘ஓட்டைக் கட்டடம்’ என்று பேசிக்கொண்டிருந்த பொறியாளரே சுவரின் கனத்தைத் தாமாக வந்து அளந்து பார்த்தார். அது 2 அடிக்கு மேல் இருந்தது.

ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் பதிவு செய்ய வேண்டும். சத்திரம் மாணவர் விடுதியாக இருந்தபோது அங்கே தங்கிப் படித்த ஒருவர், புயல் வீசிய இரவில் அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்கள் எல்லோரும் அந்தக் கூடத்தில்தான் வந்து படுத்திருந்தார்கள் என்று சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தோம். அரசர்கள் பெயரைவிட அந்த ஒரு பக்கம்தான் மாவட்ட ஆட்சியரின் மனத்தைத் தொட்டது என்று பின்னர் அறிந்தோம்.

பொதுப்பணித் துறையின் தகுதியின்மைச் சான்று கோப்பில் இருந்தால், அதைச் சும்மா மறுத்துப் பேசிப் பயனில்லை; மற்றொரு நிபுணர் அறிக்கையால்தான் அதை எதிர்கொள்ள முடியும். சென்னை ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டடங்களின் உறுதியை ஆராய்வதற்கென்றே தேசிய மையம் இருக்கிறது. பாரம்பரியச் சின்னங்களைக் காக்க 1984-இல் தொடங்கப்பட்ட இன்டாக் அமைப்புக்குத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கிளைகள் உள்ளன. பொதுப்பணித் துறையிலேயே பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக்கான பிரிவு ஒன்று இயங்குகிறது என்பதையும் மனுவில் சுட்டிக்காட்ட வேண்டும். 1768-இல் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால், 2012 ஜனவரியில் பெருந்தீயில் கூரையெல்லாம் எரிந்து விழுந்த பிறகும், இடிக்கப்படாமல் புதுப்பிக்கப்பட்டு, இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாக இருக்கிறது. தீயில் எரிந்ததையே மீட்டெடுத்த துறையிடம், ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்க முடியாதா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆர்வத்தால் இளைஞர்கள் உழவாரப் பணிபோல இறங்கி, சிமெண்ட் பூசுவதும், வண்ணம் அடிப்பதும், கல்வெட்டைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் நடக்கிறது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே தங்கும் ஈரம் வெளியேற முடியாமல் சுவரையே அரித்துவிடும். அனுமதியில்லாமல் கைவைத்தால் ஆக்கிரமிப்பு என்ற குற்றச்சாட்டும் வரும். புல் வெட்டுவதும் குப்பை அள்ளுவதும்கூட எழுத்து மூலம் அனுமதி பெற்றுச் செய்தவையாக இருக்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதமே, ஊர் மக்கள் அந்த இடத்தைப் பராமரித்து வந்தார்கள் என்பதற்குப் பிற்காலத்தில் சான்றாக நிற்கும்.

மனு, தீர்மானம், அறிவிக்கை

சான்றுகள் ஓரளவு சேர்ந்ததும், மூன்று வேலைகளை ஒரே காலத்தில் தொடங்க வேண்டும். ஒன்று, பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கோரி மாநிலத் தொல்லியல் துறை ஆணையருக்கு விண்ணப்பிப்பது. இதற்கு 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. அந்தத் துறை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளாது. ஏற்றுக்கொண்டாலும் காலம் ஆகும். இருந்தாலும் ‘அறிவிக்கைக்கான கருத்துரு நிலுவையில் உள்ளது’ என்ற ஒரு வரி, நில மாற்றக் கோப்பில் போய்ச் சேரும்போது அதன் வேகத்தைக் குறைத்துவிடும். 2012-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தொல்லியல் சட்டத்தின் வரம்புக்குள் வராத கட்டடங்களுக்கு இனி அதுவும் ஒரு வழி.

இரண்டாவது, உள்ளாட்சித் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. ‘சத்திரத்தைக் காப்பாற்ற வேண்டும்’ என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் அதற்கு வலு இல்லை. அளவை எண், பரப்பு, இப்போதைய வகைப்பாடு, எந்த அலுவலகத்தின் எந்தக் கோப்பை எதிர்க்கிறோம், அதற்குப் பதிலாக அந்தக் கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தக் கோருகிறோம் என்று எல்லாவற்றையும் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் பதிவானதை அன்றே படமெடுத்து, சில நாளில் சான்றிட்ட நகலையும் வாங்கிவிட வேண்டும்.

மூன்றாவது, மனு. திங்கள்கிழமை குறைதீர் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது ஒன்றே போதாது. அதே மனுவை வட்டாட்சியர், கோட்டாட்சியர், நிலத்தைக் கேட்கும் துறையின் செயலாளர், தொல்லியல் துறை ஆகியோருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவஞ்சலில் அனுப்ப வேண்டும். நாளைக்கு நீதிமன்றம் போக நேர்ந்தால், ‘அதிகாரிகளிடம் முறையிட்டீர்களா?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அந்த ஒப்புகை அட்டைகள்தான் பதில். மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பத்தியில் இடத்தின் அடையாளம், அடுத்ததில் என்ன நடக்கப்போகிறது, அதற்கடுத்து நாம் கேட்பது என்ன என்று இருந்தால் போதும். வரலாறெல்லாம் இணைப்பில் இருக்கட்டும். மக்கள் பிரதிநிதிகளிடம் கொடுக்கும்போது ஒரு கட்சிக்காரரிடம் மட்டும் கொடுக்கக் கூடாது. கட்சிப் பூசலில் சிக்கிய கட்டடத்தை யாராலும் காப்பாற்ற முடியாது.

இங்கிலாந்தில் 2011-இல் வந்த சட்டம் ஒன்றின்படி, மக்கள் மதிக்கும் ஒரு கட்டடத்தை உள்ளாட்சியின் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்துவிட்டால், அது விற்பனைக்கு வரும்போது உள்ளூர்க் குழு பணம் திரட்டிப் போட்டியிட ஆறு மாத அவகாசம் கிடைக்கிறது. நம் சட்டத்தில் அப்படியொரு அவகாசம் இல்லை. ஆகவே தீர்மானமும் கருத்துருவும் மனுவுமாகச் சேர்த்து, அந்த அவகாசத்தை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பூட்டிய கட்டடம் பிழைக்காது

‘இடிக்காதே’ என்பதோடு நின்றுவிடும் மனுவுக்கு, அதிகாரி தரக்கூடிய பதில் ஒன்றுதான்: ‘அப்படியானால் யார் பராமரிப்பது?’ அதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். சென்னையின் இரண்டு கட்டடங்கள் இதைத் தெளிவாக்கும். கடற்கரைச் சாலையில் 1839-இல் எழுந்த காவல்துறைத் தலைமை அலுவலகக் கட்டடத்தை இடித்துவிட்டுப் பல மாடி கட்ட 1990-களின் தொடக்கத்தில் திட்டமிட்டார்கள். எதிர்ப்பும் இன்டாக் தொடுத்த வழக்கும் வந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கட்டடம் புதுப்பிக்கப்பட்டு இன்றும் அலுவலகமாகவே நடக்கிறது. அண்ணா சாலையில் 1897-இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடமோ, பொதுத்துறை நிறுவனமான ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் சொத்து. 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் வழக்குத் தொடுத்தது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பதற்கு எதிராகத் தீர்ப்பளித்ததோடு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கக் குழு அமைக்கவும் வழிசெய்தது. சட்டப்படி பார்த்தால் இரண்டாவதுதான் பெரிய வெற்றி. ஆனால் அந்தக் கட்டடம் ஆள் புழக்கம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சிதைந்துகொண்டே நின்றதை அவ்வழியே போனவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தீர்ப்பு சுத்தியலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது.

எனவே மாற்றுப் பயன்பாட்டை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர்ப்புற நூலகம், அங்கன்வாடி, மகளிர் சுய உதவிக் குழுவின் விற்பனை நிலையம், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான வாசிப்புக் கூடம் என்று, ஏற்கெனவே வாடகைக் கட்டடத்தில் நடக்கும் ஏதாவதோர் அரசுப் பணியைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகவும் நல்லது. வாடகை மிச்சமாகும் என்பது கோப்பில் எழுதக்கூடிய காரணம். நாங்கள் அப்படித்தான் வாசிப்புக் கூடம் கேட்டோம். அருங்காட்சியகம் வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். ஆனால் காப்பாளர் பணியிடமும் ஆண்டு நிதியும் இல்லாத அருங்காட்சியகம் இரண்டே ஆண்டில் மறுபடியும் பூட்டப்படும் என்பது என் கருத்து. பழுதுபார்க்கும் செலவுக்கு மதிப்பீடு ஒன்றையும் இணைக்க வேண்டும். முழுப் புதுப்பிப்புக்கான பெருந்தொகையைக் கண்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும் என்பதால், கூரை ஒழுகலை நிறுத்துவது, மரக் கன்றுகளை அகற்றுவது, கதவு போடுவது ஆகிய முதல் கட்ட வேலைக்கு மட்டும் தனியே மதிப்பீடு போட வேண்டும்.

எவ்வளவு முயன்றாலும் கைமாற்றத்தைத் தடுக்க முடியாத நிலை வரலாம். அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடாமல், ஆணையில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதற்காகப் போராட வேண்டும். கட்டடத்தை இடிக்கவோ உருமாற்றவோ கூடாது, குறிப்பிட்ட நாள்களில் பொதுமக்களை அனுமதிக்க வேண்டும், உள்குத்தகைக்கு விடக் கூடாது, நிபந்தனை மீறப்பட்டால் நிலம் அரசுக்கே திரும்ப வேண்டும், கல்வெட்டும் சிற்பமும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் ஆகிய ஐந்தும் ஆணையிலும் குத்தகைப் பத்திரத்திலும் இடம்பெற வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி எங்கள் மடைப்பள்ளியை இழந்தோம். ‘பின்கட்டைத் தொட மாட்டோம்’ என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அது எழுதப்படவில்லை. அந்தக் குறிப்பின் நகலை நாங்கள் கேட்டு வாங்கிப் பார்க்கவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் புகைக்கூண்டும் ஆட்டுக்கல் மேடையும் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன.

நீதிமன்றத்தைக் கடைசி வழி என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காலத்தோடு போக வேண்டிய வழி என்பேன். முன்நுழைவு அனுமதியோ இடிப்பு ஏல அறிவிப்போ வந்துவிட்டால், அதற்குப் பிறகு மனுக் கொடுத்துக்கொண்டு காத்திருப்பது தவறு. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ பொதுநல மனுத் தாக்கல் செய்து, முதலில் இப்போதைய நிலை தொடர வேண்டும் என்ற இடைக்கால ஆணையைக் கேட்க வேண்டும். நம் பண்பாட்டு மரபைப் பேணுவது குடிமக்களின் கடமை என்று 51அ பிரிவு கூறுவதால், நமக்கு அங்கே நிற்க உரிமை உண்டு. தாமதமாக வந்தீர்கள் என்பதே நமக்கு எதிராக வைக்கப்படும் முதல் வாதமாக இருக்கும். மனுக்களின் தேதி, ஒப்புகைகள், தகவல் உரிமைப் பதில்கள் எல்லாம் கால வரிசையில் அடுக்கிய ஒரே கோப்பாக இருந்தால், வழக்குரைஞர் இரண்டு நாளில் மனுவைத் தயாரித்துவிடுவார். மனுதாரராக நிற்பவருக்கு அந்த நிலத்தின் அருகில் சொத்தோ கடையோ இருக்கக் கூடாது; இருந்தால் பொதுநலம் என்பது சந்தேகத்துக்கு உள்ளாகும்.

திட்டம் கைவிடப்பட்டது என்று செய்தித்தாளில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கோப்பு முடிக்கப்பட்டதற்கான ஆணை நகலை வாங்க வேண்டும். ‘கிடப்பில் வைக்கப்பட்டது’ என்று இருந்தால், அதிகாரி மாறியதும் அது மறுபடி எழும். அ-பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் ‘சத்திரம்’ என்ற சொல் ஏறிவிட்டதா என்பதை ஒவ்வொரு ஜமாபந்தியிலும் பார்த்துவர ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். இப்போது எங்கள் ஊரில் அந்தப் பொறுப்பு, வாசிப்புக் கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், அனுமதிக் கடிதத்தோடு நான்கு பேர் கூரைமேல் ஏறி, வடிகுழாய்களில் அடைத்திருக்கும் சருகை அள்ளி, கைப்பிடிச் சுவரின் இடுக்கில் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளை இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு பிடுங்கிப் போடுகிறோம்.